நிவா மேடு ஏறாத கார்

டிசம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு ரோண்டா ஹைட்டலா தன் காரை நிவா மேட்டின் அடிவாரத்தில் நிறுத்தினாள். பின் இருக்கையில் இருந்த சிவப்புப் பையில் ஒரே ஒரு சாப்பாட்டுத் தட்டுதான் மிச்சம். மற்ற பத்து வீடுகளுக்கும் கொடுத்தாகிவிட்டது. இதையும் கொடுத்துவிட்டால் டோலன் ஊருக்குத் திரும்பி, தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு அனுப்பும் மூத்தோர் மையத்துச் சமையலறையில் உட்கார்ந்து சூடாக ஒரு காபி குடிக்கலாம்.

மேடு ஒன்றும் பெரிய மேடு இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள் நெருக்கும் ஒற்றைப் பாதை முந்நூறு கஜம் ஏறி, வில்ஹோ நிவாவின் வாசலில் முடியும். கீழிருந்து வீடு தெரியாது. மரங்களுக்கு மேலே புகைபோக்கியின் புகை மட்டும் தெரியும். ஏரிப் பக்கமிருந்து இரண்டு நாளாக விடாமல் பனி கொட்டியிருந்தது. வானமும் தரையும் ஒரே வெள்ளை. பாதை எங்கே, பள்ளம் எங்கே என்று மரங்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

ரோண்டா காரைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, வேகம் பிடித்து ஏறினாள். பாதி மேடு வரை ஏறியது. பிறகு முன்சக்கரங்கள் வெறுமனே சுற்றத் தொடங்கின. எஞ்சின் உறுமியது, கார் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த கணம் பின்னால் நழுவியது. பிரேக்கை மிதித்தாள். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. அது வாலை ஆட்டிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பி, அடிவாரத்துப் பனிக்குவியலில் பின்பக்கத்தை இடித்த பிறகுதான் ஓய்ந்தது.

டோலனில் டயர் கடை வைத்திருக்கும் ராய்ஸ் அவளுடைய பெரியப்பா மகன். அக்டோபரிலிருந்தே பனி டயர் மாற்றிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காதில் வாங்கவில்லை. அவளுடையவை எல்லாப் பருவத்துக்குமான ஆல்-சீசன் டயர்கள். அவற்றின் பக்கவாட்டிலேயே சேற்றுக்கும் பனிக்கும் ஆகும் என்று முத்திரை குத்தியிருந்தது. இரண்டு குளிர்காலத்தை அவற்றில்தான் ஓட்டினாள், ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு வருடமும் பனி பேருக்குத்தான் பெய்தது என்பதை அவள் யோசிக்கவில்லை.

நடந்து ஏறியிருக்கலாம். பூட்ஸ் போட்டிருந்தாள், வயது நாற்பத்து நான்கு, கால்களில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்த வீட்டை நினைத்ததுமே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வில்ஹோ நிவாவுக்கு எண்பத்தொரு வயது. மரம் வெட்டிப் பிழைத்த ஆள். பெண்டாட்டி போய்ப் பதினைந்து வருடம். எந்நேரமும் வாயில் புகையிலை அதக்கிக்கொண்டு, காலி காபி டப்பாவில் துப்பிக்கொண்டே இருப்பார். டப்பா நாற்காலியின் கைப்பிடியில் நிற்கும். குறி தப்பியதெல்லாம் சட்டையில், தாடியில், தரை விரிப்பில் காய்ந்து பழுப்பு நூலாகத் தொங்கும். வீடு முழுக்க மூத்திரமும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை. தட்டை வாங்கும்போது வேண்டுமென்றே அவள் விரலைத் தொடுவார். மூடியைக் கிழித்து அங்கேயே கையால் அள்ளி வாயில் போட்டு, வாயை மூடாமல் மென்றுகொண்டே பேசுவார். மெல்லும் சத்தம் அவள் காருக்குத் திரும்பிய பிறகும் காதில் ஒட்டிக்கொண்டு வரும்.

காரில் உட்கார்ந்தபடியே அவருக்குப் போன் செய்தாள். கார் ஏறவில்லை, டயர் வழுக்குகிறது என்று சொன்னாள். அவர் இருமிவிட்டுச் சிரித்தார்.

"கீழ பேப்பர் பெட்டி இருக்குல்ல, அதுல வச்சுட்டுப் போ. நான் என்ன செத்தா போயிட்டேன்? நடந்து வந்து எடுத்துக்கறேன்."

அடிவாரத்தில் ஒரு கம்பத்தில் மரப்பெட்டி ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் செய்தித்தாள் போட வைத்தது. ரோண்டா தட்டை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். காரில் ஏறியதும் நோட்டை எடுத்து நிவாவின் பெயருக்கு எதிரே டிக் போட்டாள்.

அந்த டிக்குக்கு ஓர் அர்த்தம் இருந்தது. மையத்தை நடத்தும் ஆர்லீன் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவாள்: சாப்பாடு கொடுப்பது பாதி வேலைதான், ஆளைக் கண்ணால் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவது மறு பாதி. தனியாக இருக்கும் பல பேருக்கு ஒரு நாளில் தெரியும் மனித முகம் சாப்பாடு கொண்டுவருகிறவரின் முகம் ஒன்றுதான். டிக் என்றால், ஆளைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

புதன்கிழமை பெட்டி காலியாக இருந்தது. புதுத் தட்டை வைத்தாள். டிக் போட்டாள்.

வியாழக்கிழமை காலை பதினொன்றுக்குச் சற்று முன், வேறொரு வீட்டு வாசலில் இருக்கும்போது அவள் போன் அடித்தது. நிவாவின் எண். என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும்: உப்பு இல்லை, கறி வேகவில்லை, ஏன் மேலே வரவில்லை. அடித்து ஓயட்டும் என்று விட்டாள். அவர் பதிவு செய்து வைத்த செய்தியைக் கேட்காமலே அழித்தாள். அந்தக் குரலின் ஈரம் போன் வழியாகக்கூட காதில் ஒட்டும் என்று தோன்றியது. பெட்டியைத் திறந்தபோது முந்தின நாள் தட்டு போயிருந்தது. புதியதை வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை பெட்டிக்குள் ஒரு வெற்றுத் தட்டு இருந்தது.

காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதே இல்லை; மெல்லிய அலுமினியம், தின்றுவிட்டுத் தூக்கி எறிவது. அவர் திருப்பி வைத்திருந்தார். கழுவி அல்ல, நக்கி. தட்டின் மூலைமுடுக்கெல்லாம் நாக்கு போன தடம், பளபளவென்று, நத்தை ஊர்ந்தது போல. எச்சில் உறைந்து மெல்லிய கண்ணாடியாக இருந்தது. ரோண்டா கையுறையோடு அதை இரண்டு விரலால் எடுத்து, பின்சீட்டுக்குக் கீழே இருந்த குப்பைப் பையில் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். புதுத் தட்டு உள்ளே, நக்கிய தட்டு வெளியே. பனி நிற்கவில்லை. பாதையில் ஒரு கால்தடமும் இல்லை. காற்று மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆர்லீன் ஒருமுறை நிவா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அதே வாய்தான், அதே நாற்றம்தான் என்றாள் ரோண்டா. சமையலறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

நாற்றம்தான் முதலில் மாறியது.

கடுங்குளிரில் எதுவும் நாறாது. செத்த மான் சாலையோரத்தில் இரண்டு மாதம் கிடந்தாலும் மூக்குக்குத் தெரியாது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பெட்டிக் கதவைத் திறந்ததும் ஒரு வாடை முகத்தில் அறைந்தது. புகையிலை இல்லை. மின்சாரம் போன குளிர்பெட்டியில் கறியை மறந்து வைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் வருமே, அந்த வாடை. இனிப்பும் அழுகலும். அது அவள் கையுறையில் ஏறியது, காரில் ஏறியது. வீட்டுக்குப் போய் எலுமிச்சையும் சோடா மாவும் போட்டுக் கை கழுவினாள். இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியைப் பிய்த்தபோது விரலில் அது இருந்தது.

பண்டிகை முடிந்த திங்கட்கிழமை, வெற்றுத் தட்டின் நடுவில் ஒரு பல் கிடந்தது. வேர் நீளமாக, புகையிலைக் கறை ஏறி, அடியில் ஈறின் சாம்பல் நிறத் துணுக்கோடு. கிழவருக்குப் பல் ஆடுகிறது, அதைக்கூட எடுத்துப் போடச் சோம்பல் என்று சபித்துக்கொண்டே பனியில் தட்டைக் கவிழ்த்தாள். செவ்வாய்க்கிழமை தாடி மயிர், ஒரு கொத்தாக, தோலோடு. புதன்கிழமை, காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடை போல எதுவோ தட்டு முழுக்க ஒட்டியிருந்தது. அதில் விரல் ரேகை தெரிந்தது.

அப்போதாவது அவள் மேலே போயிருக்க வேண்டும். ஒரு மனிதருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்திருக்க வேண்டும். அவள் மனத்தில் ஓடியது ஒன்றே ஒன்று: கீழே வருவதே இப்படி இருந்தால் மேலே எப்படி இருக்கும்.

டிக் போட்டாள்.

ஜனவரி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று காலையிலிருந்தே கார் சரியில்லை. டோலன் முச்சந்தியில் நிற்க வேண்டிய இடத்தில் பிரேக்கை மிதித்தாள். கார் கோட்டைத் தாண்டி, சந்தியின் நடுவே போய் நின்றது. எதிரே வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தியபடி விலகிப் போனான். நிவா மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

பெட்டியைத் திறந்து, இடது கையால் புதுத் தட்டை உள்ளே தள்ளிக்கொண்டே வலது கையால் பழைய தட்டைப் பிடித்தாள். கட்டை விரல் எதிலோ புதைந்தது.

தட்டு காலியாக இல்லை.

முந்தின நாளின் கறிக்கட்டியும் உருளைக்கிழங்கு மசியலும் அதில் இருந்தன. மென்று, கூழாக்கி, எச்சிலோடு திரும்பத் துப்பியிருந்தது.

அது வெதுவெதுப்பாக இருந்தது.

கையுறைத் துணி வழியாக அந்தச் சூடு அவளுக்குத் தெரிந்தது. கூழின் மேலிருந்து ஆவி எழும்பி அவள் முகத்துக்கு நேரே வந்தது. வெளியே, மூச்சு விட்டால் புருவத்தில் உறையும் குளிர்.

அவள் திரும்பிப் பனியில் வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாத பிறகும் எடுத்தாள். கையுறையைக் கழற்றி வீசிவிட்டுக் காருக்குள் பாய்ந்து எஞ்சினைக் கிளப்பினாள். சக்கரங்கள் சுற்றின. அடிவாரம் சமதளம், நாலு வாரமாக அங்கே நிறுத்தி எடுத்த இடம். கார் முன்னால் போகவில்லை. மெதுவாக, யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பது போல, பாதையின் வாய்ப்பக்கம் பின்வாங்கியது.

மேட்டை நோக்கி.

இறங்கி, காலடி விரிப்புகளை உருவி முன்சக்கரங்களுக்குக் கீழே திணித்து, எப்படியோ வெளியே வந்தாள். நேரே ராய்ஸின் கடைக்குப் போனாள்.

ராய்ஸ் காரை லிஃப்ட்டில் தூக்கி நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியைக் காட்டினான். பிறகு ஒரு டயரைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினான். இந்த ரப்பர் மழைக்கும் வெயிலுக்கும் செய்தது, தண்ணீர் உறைவதற்கு முன்னாலேயே விறைக்கத் தொடங்கிவிடும், இந்தக் குளிரில் கல், என்று சொன்னான். பனி டயரின் ரப்பர் விறைக்காது. அதன் மேல் முழுக்கப் பொடிப்பொடியாகக் கீறியிருக்கும், ஒவ்வொரு கீறலும் பனியைக் கடித்துப் பிடிக்கும். இதில் பள்ளம் தேய்ந்து பாதிதான் இருக்கிறது. அடைத்த பனி வெளியே விழாமல் இறுகி, டயரே வழுக்கும் உருளை ஆகிவிடும். பக்கத்தில் குத்தியிருக்கும் முத்திரை சும்மா பேருக்கு. மூன்று சிகர மலையும் அதன் நடுவில் பனிப்பூவும் படமாகப் போட்டிருந்தால்தான் பனியில் சோதித்துப் பார்த்த டயர்.

பேசிக்கொண்டே ஒரு திருப்புளியால் டயர்ப் பள்ளத்தைச் சுரண்டினான். சுரண்டியவன் நிறுத்தினான்.

பள்ளத்தில் இருந்தது பனி இல்லை. மஞ்சளும் சாம்பலுமாக, மெழுகு போல எதுவோ வரிவரியாகத் திணித்திருந்தது. திருப்புளி முனையில் அது சுருண்டு வந்தது. அதற்குள் நரைத்த மயிர்கள். கடையின் கணப்புச் சூடு பட்டதும் அது இளகி, ஒரு சொட்டு தரையில் விழுந்தது. வாடை எழுந்தது.

ராய்ஸ் முழங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். "எது மேல ஏத்துன?"

எதன் மேலும் இல்லை என்றாள்.

நாலு டயரிலும் அதேதான். அவன் கதவை முழுக்கத் திறந்துவிட்டு, டயர்களைக் கழற்றி வெளியே பனியில் உருட்டித் தள்ளினான். தன்னிடம் இருந்த பனி டயர்களை மாட்டினான். கடைசி நட்டை முடுக்கும்போதுதான், பாதி தனக்குத்தானே பேசுவது போல, அதைக் கேட்டான்.

"இத வச்சுக்கிட்டு நிவா மேட்டுல எப்படி ஏறுன இத்தன நாளா?"

அவள் கையுறை இல்லாத கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டாள்.

அவன் எழுந்து நின்று கையைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"ஏறவே இல்லையா?"

"டயர் வழுக்குச்சு ராய்ஸ்."

"முந்நூறு கஜம். டயர் வழுக்கும். கால் இருக்குல்ல உனக்கு?"

அவன் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் துணியைக் கீழே போட்டவன் அதற்குப் பிறகு அவள் இருந்த பக்கம் திரும்பவில்லை. அவன் முகத்தில் இருந்த சுளிப்பு டயரைப் பார்த்தபோது வந்த அதே சுளிப்பு.

மறுநாள் புதன்கிழமை. நிவா மேட்டுக்கே முதலில் போனாள். பெட்டியைத் திறக்கவில்லை. முதல் கியரில் மெதுவாக ஏறினாள். சக்கரம் ஒரு தடவைகூட வெறுமனே சுற்றவில்லை. பனி நறநறவென்று அரைபட, கார் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவுதானா என்றிருந்தது. அந்த எளிமைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புகைபோக்கியில் புகை இல்லை. கடைசியாக எப்போது அங்கே புகை பார்த்தோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

வாசற்படியில் முழங்கால் உயரப் பனி, மடிப்புக் கலையாமல் கிடந்தது. யாரும் அதை மிதிக்கவில்லை. ஒரு மாதமாக யாரும் மிதிக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"நிவா," என்று கூப்பிட்டாள்.

கதவு பூட்டியிருக்கவில்லை. தோளால் தள்ளினாள்.

உள்ளே, வெளியே இருந்ததைவிடக் குளிராக இருந்தது. அடுப்பு செத்துக் கிடந்தது. குழாயிலிருந்து பனிக்கட்டி விழுதாகத் தொங்கியது. நாற்காலிக் கைப்பிடியில் காபி டப்பா. அதில் துப்பியதெல்லாம் பழுப்புக் கட்டியாக உறைந்து மேலே உப்பியிருந்தது. சுவர் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளையும் பென்சிலால் அடித்திருந்தார். டிசம்பர் பத்தாம் தேதியோடு அந்தக் கோடுகள் நின்றிருந்தன.

வில்ஹோ நிவா கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

பூட்ஸ் மாட்டும் குட்டை மரப்பலகையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்திருந்தார். ஒரு காலில் பூட்ஸ். மற்றது கையில். தோல் ஈயம் போல நீலம் பாரித்து, இமைகளில் உறைபனி. கீழே போகக் கிளம்பியவர் எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை; கல்லாகிப் போன உடம்பு அது.

கன்னங்கள் மட்டும் புடைத்திருந்தன.

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

வாய் திறந்திருந்தது. உதடு வரைக்கும் அடைத்திருந்தது. பச்சைப் பட்டாணி, வெள்ளைக் குழம்பில் போட்டது, நடுவே கோழித் துண்டுகள். செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு. நேற்றுக் காலை அவள் கண் முன்னால் ஆர்லீன் கரண்டியால் அள்ளி வைத்த சாப்பாடு. எல்லாமே உறைந்து கிடந்த அந்த வீட்டில் அது மட்டும் ஈரமாக, இளக்கமாக இருந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

ஒரு பட்டாணி கீழுதட்டைத் தாண்டி நழுவியது. தாடியில் வழிந்து, அவள் பூட்ஸின் மேல் விழுந்து, மெத்தென்று நசுங்கியது.

அவள் கத்தவில்லை. கதவைச் சாத்தக்கூட இல்லை. காரில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு வந்தவர் கீனன் என்ற ஷெரிஃப் அலுவலக டெபுடி. சின்ன வயது, பொறுமையான ஆள். மையத்தில் ஆர்லீனின் அறையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். நிவாவின் பெயருக்கு எதிரே செவ்வாய்க்கிழமை வரை டிக் இருந்தது.

"இவர செவ்வாய்க்கிழமை நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்ல ரோண்டா வாயைத் திறந்தாள். உள்ளே நாக்கு எதையோ தடவியது போல இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கீனன் நாட்காட்டியைப் பற்றிச் சொன்னார். நிவாவின் போனைப் பற்றிச் சொன்னார். கடைசியாக அதிலிருந்து போன அழைப்பு டிசம்பர் பதினொன்றாம் தேதி காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு. ஆம்புலன்ஸுக்கு இல்லை, மகளுக்கு இல்லை, ரோண்டாவின் எண்ணுக்கு. ஒரு நிமிடத்துக்கு மேல் பேசியிருக்கிறார். என்ன சொன்னார் என்று கேட்டார்.

"தெரியல," என்றாள் ரோண்டா. "கேக்காமலே அழிச்சுட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டயர், பெட்டி, நக்கிய தட்டு, பல். மூன்றாவது வாக்கியத்தில் அழத் தொடங்கினாள். நான்காவதில் அவளுக்கே தன் அழுகை அருவருப்பாக இருந்தது, நிறுத்திக்கொண்டாள்.

தட்டுகளை நரியோ ரக்கூனோ காலி செய்திருக்கும் என்றார் கீனன். சொல்லிவிட்டு அவரே தலையைச் சொறிந்துகொண்டார். பரிசோதனை செய்த மருத்துவர் சொன்னதை அவர் சொல்ல விரும்பவில்லை. ஆர்லீன் கேட்டதால் சொன்னார். இறந்து குறைந்தது நாலு வாரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வயிறு வெடிக்கிற மாதிரி, தொண்டை வரைக்கும், பல நாள் சாப்பாடு. அடுக்கடுக்காக. மீன், பீட்ரூட், கறி, கோழி. மருத்துவர் அறிக்கையில் அதற்கு விளக்கம் எழுதவில்லை.

"என்னிக்கு என்ன மெனுன்னு ஒரு லிஸ்ட் தர முடியுமாம்மா? வரிசை சரியா இருக்கான்னு பாக்கணுங்கறாரு," என்றார் ஆர்லீனிடம்.

ஆர்லீன் தந்தாள். வரிசை சரியாக இருந்தது.

கீனன் போன பிறகு ஆர்லீன் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து டிசம்பர் பதினொன்றிலிருந்து எண்ணினாள். பதினாறு டிக். திட்டப் போகிறாள் என்று ரோண்டா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆர்லீன் சிவப்புப் பையைக் கேட்டு வாங்கினாள். அதை வெளியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, அது இருந்த மேசையைப் பிளீச் ஊற்றித் துடைத்தாள். ரோண்டா கையை வைத்திருந்த இடத்தையும் துடைத்தாள்.

"நாத்தம் அடிச்சா ஜன்னலத் தொறந்திருப்பேன்," என்றாள். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா நானே போய் அந்தாளக் குளிப்பாட்டியிருப்பேன். ஏம்மா எங்கிட்ட சொல்லல?"



வழக்கு எதுவும் வரவில்லை. வேலை போனது. டோலன் சின்ன ஊர். கடையில் வரிசையில் நின்றால் அவளுக்கு முன்னால் இருப்பவர் ஓர் அடி நகர்ந்து நிற்பார். யாரும் எதுவும் சொன்னதில்லை. அவளுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. தான் மெல்லும் சத்தமே காதில் கேட்டு, பாதியில் துப்பினாள். வசந்தத்துக்குள் உடம்பு பாதியாகிவிட்டது.

மே மாதம் ராய்ஸ் அவளுடைய பழைய டயர்களை மாட்டிக் கொடுத்தான். அழுத்தத் தண்ணீரில் மூன்று தடவை கழுவினேன், ஒன்றுமில்லை, வெயில் காலத்துக்கு நல்ல டயர்தான் என்றான். அவனுடைய பனி டயர்களை அவன் திரும்ப வைத்துக்கொள்ளவில்லை. குப்பைக்குப் போட்டுவிட்டான்.

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். வானம் நீலமாக இருந்தது, தார் இளகும் வெயில். ரோண்டா கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கு முன்னால் தெரு லேசாக மேடேறும். சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் ஏறிவிடுகிற மேடு.

பாதி வழியில் முன்சக்கரங்கள் வெறுமனே சுற்றத் தொடங்கின.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். ரப்பர் கருகும் வாசனை வந்தது. காய்ந்த தாரின் மேல் டயர்கள் கண்ணாடியில் சுற்றுவது போலச் சுற்றின. பிறகு கார், மெல்ல, மிக மெல்ல, பின்னால் நழுவியது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தாள். சக்கரம் நின்றது. கார் நிற்கவில்லை.

பின்பக்கம் தாழ்ந்தது. ஒரு கனமான ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழுமே, அந்த அளவு.

அவள் தோளுக்குப் பின்னால், வாயை மூடாமல் மெல்லும் சத்தம் கேட்டது.

ரோண்டா கண்ணாடியில் பார்க்கவில்லை. கை பிரேக்கை இழுத்தாள். கதவைத் திறந்தாள். வாங்கி வந்த பொருட்கள், சாவி, கைப்பை எதையும் எடுக்கவில்லை. இறங்கி, தெருவின் நடுவே, மேட்டில் நடக்கத் தொடங்கினாள்.

"நடக்கறேன்," என்று முணுமுணுத்தாள். "நடந்துதான் வரேன்."

பின்னால் காரின் கதவு திறந்தது. சற்றுப் பொறுத்து, மூடிக்கொண்டது.

எதிர் வீட்டு மார்வா தன் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ரோண்டாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். பிறகு ரோண்டாவுக்குக் கொஞ்சம் பின்னால், ஓர் ஆள் உயரத்துக்குப் பார்த்து, அங்கேயும் தலையசைக்கப் போனாள்.

பாதியில் நிறுத்தினாள். குழாயைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.